சேக்கிழார் காட்டும் சமணமும் பௌத்தமும்

குன்றத்தூரில் நின்று தமிழ் பேசுவோர் எவரும் சேக்கிழாரைத் தொடாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. தொண்டை நாட்டுப் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரில் அருண்மொழித் தேவராகப் பிறந்து, சோழப் பேரரசின் அமைச்சராய் உயர்ந்து, உத்தமசோழப் பல்லவராயன் என்னும் பட்டம் தாங்கி, இவ்வூரில் திருநாகேச்சரம் எடுப்பித்த பெருமான் அவர். ஆனால் நம் கூட்டங்களில் பேசப்படுவது பெரும்பாலும் ஒரு பாதிச் சேக்கிழாரே. கண்ணப்பர் வருகிறார்; காரைக்காலம்மையார் வருகிறார்; திருநாளைப்போவார் வருகிறார். சமணரோடும் பௌத்தரோடும் நிகழ்ந்த நெடிய வழக்குகள் வருவதில்லை. பக்தர்கள் அவற்றை அடியார்தம் வெற்றி என்று இரண்டு வரியில் முடித்துவிடுகின்றனர். பகுத்தறிவாளர்கள் சமயக் காழ்ப்பு என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றனர். வகுப்பறையில் இப்பகுதியை நடத்தும்போது, “சமணர் என்றால் கெட்டவர்களா, அம்மா?” என்று மாணவியர் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு இரு சாராரிடத்தும் விடை இல்லை. விடை சேக்கிழாரிடமே இருக்கிறது என்பது என் துணிபு. தம் எதிரிகளைப் பற்றித் தமிழில் அவர் அளவுக்குச் சான்று விட்டுச் சென்றவர் சிலரே.

பெரியபுராணம் எழுந்த காரணமே ஒரு சமண நூல் என்பது மரபு. உமாபதி சிவாசாரியார் பாடியதாக வழங்கும் சேக்கிழார் புராணம் அச்செய்தியைத் தருகிறது. அநபாயச் சோழன், அதாவது 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கன் எனப் பலரும் கொள்ளும் மன்னன், சீவக சிந்தாமணியில் தோய்ந்து கிடந்தானாம். நெல்லிருக்க உமியைக் குத்துவதும், விளக்கிருக்க மின்மினியில் குளிர்காய்வதும் தகுமோ என்று அமைச்சர் இடித்துரைத்தாராம். கதை உள்ளவாறே நடந்ததோ இல்லையோ, பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழ அவையில் சமணக் காப்பியம் ஒன்று அரசனை மயக்கும் நிலையில் இருந்தது என்பதைச் சைவ மரபே ஒப்புக்கொள்கிறது. வேரோடு சாய்ந்துவிட்ட சமயத்தின் நூலுக்கு மாற்றுநூல் எவரும் எழுதுவதில்லை.

இவ்வழக்கின் வேர் எது? திருநீறா, மயிற்பீலியா, காவியா என்னும் கோலப் பூசல் அன்று அது. வினை என்னும் ஒரு சொல்லைப் பற்றிய பூசல். கங்கைச் சமவெளியில் தொடங்கியது. இருக்கு வேதப் பாடல்கள் தேவரை வேண்டி மழையும் மக்களும் ஆநிரையும் கேட்டன. பிராமணங்கள் எனப்படும் வேள்வி நூல்களின் காலத்தில், வழுவாது செய்த வேள்வி தன் பயனைத் தானே தரும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. தேவரும் அதற்குக் கட்டுண்டவர் ஆயினர். இறந்தபின் மனிதன் என்ன ஆகிறான் என்னும் கேள்வி உபநிடதத்தில்தான் கூர்மை அடைகிறது. பிருகதாரண்யகத்தில் ஆர்த்தபாகன் யாக்ஞவல்கியரை அவை நடுவே அதைக் கேட்கிறான். அவரோ அவன் கையைப் பற்றித் தனியே அழைத்துச் செல்கிறார். இது கூட்டத்தில் பேசத்தக்கதன்று என்கிறார். தனித்துச் சென்று அவ்விருவரும் பேசியது வினையைப் பற்றி என்று அந்நூல் சொல்லி நிறுத்துகிறது.

அங்கே மறைவாகப் பேசப்பட்டதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் சிரமணர். தவத்தால் மெய்வருந்துவோர் என்பது அச்சொல்லின் பொருள். பாகதத்தில் சமணர் ஆகி, வடக்கே புத்தரின் துறவியர்க்கும் மகாவீரரின் துறவியர்க்கும் பொதுவாய் இருந்த அச்சொல், தமிழில் மகாவீரர் வழியினர்க்கு மட்டும் உரியதாயிற்று. பௌத்தர் இங்கே சாக்கியர், தேரர் எனப்பட்டனர்.

சிரமணர் அனைவரும் வேள்வியையும் உயிர்ப்பலியையும் மறுத்தனர். ஆயினும் தமக்குள் ஒன்றுபடவில்லை. மகாவீரர்க்கு உயிர் என்றும் உள்ள பொருள். வினை என்பது அதன்மேல் தூசிபோல் படியும் நுண்பொருள். ஆகவே உடலை வருத்தியும் எறும்பையும் காத்தும் அத்தூசியைத் துடைக்க வேண்டும். புத்தர்க்கோ மனத்தின் எண்ணமே வினை. அதைச் சுமந்து செல்ல நிலைத்த உயிர் ஒன்று இல்லை. உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் கந்தங்கள் ஐந்தும் விளக்கின் சுடர்போல் கணந்தோறும் அழிந்து தோன்றுகின்றன. மச்சிம நிகாயத்தில் உபாலி என்னும் செல்வன் இவ்விரு கொள்கைக்கும் நடுவே நிற்கும் உரையாடல் ஒன்று உண்டு. உடலால் செய்த வினை பெரிதா, மனத்தால் செய்த வினை பெரிதா என்பதே அங்கு வழக்கு. ஆசீவகரான மற்கலி கோசாலரோ இரண்டையும் தள்ளினார். உருட்டிவிட்ட நூற்கண்டு நூல் தீருமளவும் ஓடி நிற்பதுபோல் உயிர்கள் ஊழின்படி ஓடித் தீரும். முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்றார்.

இவை தமிழகம் வந்த காலத்தை மலைகள் காட்டுகின்றன. மதுரையை அடுத்த மாங்குளத்தில், கி.மு. இரண்டாம் நூற்றாண்டு எனக் கணிக்கப்படும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, கணிநந்தன் என்னும் துறவிக்கு நெடுஞ்செழியனின் பணியாளன் ஒருவன் பள்ளி அமைத்துக் கொடுத்ததைச் சொல்கிறது. அழகர்மலையில் உப்பு வணிகனும் கொழு வணிகனும் கொடையாளர். அரசனும் அங்காடிக்காரனும் சேர்ந்து கற்படுக்கை வெட்டித் தந்த அக்காலத்திலேயே வேள்வித்தூண்களும் நடப்பட்டன. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்னும் பெயரே போதிய சான்று. தமிழ் மண்ணில் வேத நெறிக்கும் சிரமண நெறிக்கும் முன்பின் சொல்வது எளிதன்று. ஒரே காலத்தில் இரண்டும் இங்கே குடியிருந்தன; நெடுங்காலம் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டும் இருந்தன. மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளை வரிசையாகக் கேட்கும் காதை அந்நிலையின் எழுத்துச் சான்று. வேதவாதியும் ஆசீவகனும் நிகண்டவாதியும் தத்தம் கருத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவள் பொறுமையுடன் கேட்கிறாள்.

தொண்டை நாட்டில் இவ்வழக்கின் தலைநகர் காஞ்சி. அதன் ஒரு பகுதியான திருப்பருத்திக்குன்றத்துக்கு இன்றும் சினகாஞ்சி என்றே பெயர். அவ்வூர் வச்சிரநந்தி என்னும் சமண முனிவர்க்குச் சிம்மவர்மப் பல்லவன் அமண்சேர்க்கை என்னும் ஊரைக் கொடுத்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. நாலந்தாவின் தலைவராய் விளங்கிய தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்பது யுவான் சுவாங் தரும் செய்தி. சேக்கிழார் எழுதத் தொடங்கியபோது இவையெல்லாம் பழங்கதைகள் அல்ல. தம் மண்டலத்தின் நினைவுகள்.

இப்பின்னணியில் திருநாவுக்கரசர் புராணத்தைப் படிக்க வேண்டும். திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் ஏன் சமணம் சார்ந்தார்? ஏமாந்தார் என்றோ, பொருளுக்கு மயங்கினார் என்றோ சொல்லிவிடுவது காப்பியக் கவிஞர்க்கு எளிது. சேக்கிழார் அப்படிச் சொல்லவில்லை. பெற்றோரை இழந்து, அறம் பல செய்து, உலகின் நிலையாமை கண்டு, நன்னெறி எது என்று தேடிய நிலையில், இறைவன் அருள் இன்னும் கூடாமையால் அங்கே சென்றார் என்கிறார். சமணத்தைக் குறிக்கும்போதும் அவர் எடுத்தாளும் அடைமொழி கொல்லாமையைக் கொண்டதே. அதைப் போர்வை என்று பழிக்கும் குறிப்பு அதில் இருப்பினும், எதிரியின் தலையாய அறம் எது என்பதை அவர் மறைக்கவில்லை. பாடலியில் தருமசேனர் ஆன மருள்நீக்கியார் பௌத்தத் தேரரை வாதில் வென்றார் என்றும் பாடுகிறார். சிரமணர் தமக்குள் பொருதுகொண்டிருந்த உண்மை இங்கே தானாக வெளிப்படுகிறது.

இந்தப் பாடலி கற்பனை அன்று. இன்று கடலூரின் பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூரே அது என்பர். பெரியபுராணத்துக்குத் துணை செய்யும் நோக்கம் சிறிதும் இல்லாத சமண நூல் ஒன்று, உலகின் அமைப்பைக் கூறும் லோகவிபாகம், பாடலிகை என்னும் ஊரில் சர்வநந்தி என்பவர் அதன் பாகத மூலத்தை இயற்றியதாகவும், அப்போது காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டு நடந்ததாகவும் சக ஆண்டு 380 எனவும் குறிக்கிறது. அது கி.பி. 458. அப்பர்க்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்னரே அவ்வூர் சமணக் கல்வியின் இடம். எழுநூறு ஆண்டுகள் கழித்து எழுதிய குன்றத்தூர்ப் புலவர் அதைச் சரியாகவே குறித்துள்ளார்.

அப்பரால் மனம் மாறியதாகச் சேக்கிழார் கூறும் பல்லவன் மகேந்திரவர்மன் என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. திருச்சிராப்பள்ளிக் குகைக் கல்வெட்டு, குணபரன் என்னும் அவன் மாற்றுநெறியினின்று இலிங்கத்தின்பால் திரும்பியதைச் சிலேடையாய்ச் சொல்கிறது. மகேந்திரனைக் காண நாம் திருச்சிக்குப் போக வேண்டியதில்லை. குன்றத்தூரிலிருந்து அனகாபுத்தூர், பம்மல் வழியாகப் பல்லாவரம் சென்றால், அங்கே குன்றில் அவன் குடைந்த குகை உண்டு. அவன் விருதுப்பெயர்கள் தூண்வரிசையில் பொறிக்கப்பட்டுள்ளன. அக்குகை இன்று தர்காவாக வழிபடப்படுகிறது. அவன் எழுதிய மத்தவிலாசம் என்னும் அங்கத நாடகத்தில் காபாலிகனும் பாசுபதனும் நாகசேனன் என்னும் புத்தபிக்குவும் காஞ்சித் தெருவில் மண்டையோட்டுக்காகச் சண்டையிடுகின்றனர். சைவத் துறவியரையும் சேர்த்தே நகைக்கும் இவ்வரசன், ஒரே இரவில் ஒரு சமயத்தை விட்டு மற்றொன்றின் வாளாக மாறிய முரடனாக இருந்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. பாடலியின் பள்ளிகளை இடித்து அக்கற்களால் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்கிறார் சேக்கிழார். அவ்விடத்தில் அவர் குரல் வெற்றிக் குரலே. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்துக்கு நான் குறிப்பாகப் பரிந்துரைப்பது சம்பந்தர் புராணத்தில் போதிமங்கை நிகழ்ச்சி. ஊரின் பெயரிலேயே போதி நிற்கிறது. முதலில் புத்தநந்தி இடியால் வீழ்கிறான். அது புராண முறை. ஆனால் அதன்பின் பௌத்தர் சாரிபுத்தன் என்பவனை முன்னிறுத்தி, மந்திரம் வேண்டா, பொருள் பேசுவோம் என்று வருகின்றனர். சம்பந்தர் சார்பில் சம்பந்த சரணாலயர் பேசுகிறார். அங்கே எழும் கேள்வி இது: கந்தங்கள் ஐந்தும் அழிவதே வீடு என்றால், வீடுபெற்ற உங்கள் தலைவர்க்கு விகாரமும் விழாவும் ஏன்? அப்பூசையை ஏற்பவர் யார்? உறங்குகிறவனை ஒருவன் வைதால் அவன் உணராவிடினும் வைதவனுக்கு வினை உண்டன்றோ என்கிறான் சாரிபுத்தன். உறங்குகிறவனுக்கு உயிர் உண்டே, உங்கள் தலைவர்க்கு அதுவும் இல்லையே என்பது மறுமொழி.

இக்கேள்வி சேக்கிழார் புனைந்தது அன்று. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கே ஆண்ட கிரேக்க மன்னன் மிலிந்தன் நாகசேனத் தேரரைக் கேட்டதாகப் பாலி நூலாகிய மிலிந்த பஞ்ஹா கூறும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. பரிநிருவாணம் அடைந்த புத்தர் பூசையை ஏற்பாரா. ஏற்பாரெனின் அவர் முற்றும் விடுபட்டவர் அல்லர். ஏலாரெனின் பூசை வீண். ஆயிரம் ஆண்டுகள் பௌத்தரைத் துளைத்த அக்கேள்வியை, முற்றும் அறிந்தவன் மூன்று காலத்தையும் எங்ஙனம் அறிகிறான் என்னும் அதன் துணைக் கேள்வியோடு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் விருத்தத்தில் அமைத்தவர் நம் ஊரார். சேக்கிழார் அவர்களின் நூல்களைப் படித்திருக்க வேண்டும். இல்லையேல் படித்தவரிடம் கேட்டிருக்க வேண்டும். அவர்க்கு முந்திய நூற்றாண்டில்தான் வீரராசேந்திரன் காலத்துப் பௌத்தர் புத்தமித்திரர் வீரசோழியம் என்னும் தமிழ் இலக்கணத்தை இயற்றினார். 1006 அளவில் இராசராசன் கொடை பெற்ற நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரமும் சோழ நாட்டில்தான் இருந்தது. கேட்டறிய ஆளுக்குக் குறைவில்லை.

இனி, எவரும் பேசத் தயங்கும் மதுரைக் கழு. எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகப் புராணம் சொல்கிறது. கோயில் விழாவிலும் சுவரோவியத்திலும் அது இடம்பெற்றுவிட்டது. சம்பந்தர் தம் பதிகங்களில் அனல்வாதத்தையும் புனல்வாதத்தையும் பாடுகிறார். சமண சாக்கியரைப் பழித்தல் அவர் பதிகங்களில் பத்தாம் பாட்டுக்கு உரிய வழக்கம். ஆயினும் கழுவைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. பின்வந்த நம்பியாண்டார் நம்பியிடம்தான் அது தலைகாட்டுகிறது. நீலகண்ட சாஸ்திரியார் அதை விரும்பத்தகாத ஒரு கட்டுக்கதை என்று தள்ளினார். கல்லும் அவர் பக்கமே நிற்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் சீமாறன் சீவல்லபன் காலத்தில் சித்தன்னவாசல் குகையைப் புதுக்கியவன் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன். 870இல் இரண்டாம் வரகுணன் ஆட்சியில் ஐவர்மலையில் பார்சுவநாதர் திருமேனி புதுப்பிக்கப்பட்டது. ஆனைமலையிலும் சமணர்மலையிலும் அச்சணந்தி முனிவர் உருவங்களைச் செதுக்குவித்தார். வேரறுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நகரைச் சுற்றி இத்தனை உளியோசை கேட்டிருக்கிறது. யுவான் சுவாங் ஏறத்தாழ 640இல் காஞ்சியில் நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களையும் பதினாயிரம் துறவியரையும் நிகண்டர் பலரையும் குறித்ததும் நினைக்கத்தக்கது.

ஆனால் கதை நடக்கவில்லை என்பதால், அதை நம்பியவர்களின் உள்ளம் தூயதாகிவிடாது. எட்டாயிரம் பேர் கழுவேறுவதை விழாவாக நினைக்க ஒரு சமுதாயம் கூசவில்லை என்பதும் வரலாறே. இங்கே சேக்கிழாரின் கூச்சம் கவனிக்கத்தக்கது. சம்பந்தர்க்குச் சமணரிடம் பகை இல்லை என்று அவர் தனியே எடுத்துச் சொல்கிறார். திருமடத்துக்குத் தீயிட்ட குற்றத்தால் பிள்ளையார் விலக்காது இருந்தார் என்கிறார். அவர்களே சொன்ன சூள் என்கிறார். நிறைவேற்றிய பொறுப்பை அமைச்சர் குலச்சிறையார்மேல் வைக்கிறார். இத்தனை சமாதானம் எதற்கு? தாமும் அமைச்சராய் இருந்தவர் அல்லவா. கொலைத் தீர்ப்பு யார் கையால் நடக்கிறது என்பது அவர் அறிந்ததே. மரபு தந்த கதையை அவர் விடவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அதே கையால் அவர் எழுதியதுதான் சாக்கிய நாயனார் புராணம். சங்கமங்கை வேளாளர் ஒருவர் பிறவியறுக்கும் வழி தேடிக் காஞ்சி சென்று சாக்கியராகிறார். கற்கிறார், பல துறையும் ஆராய்கிறார். முடிவில், வினை, அதைச் செய்தவன், அதன் பயன், அப்பயனைச் சேர்ப்பிப்பவன் என நான்கு பொருள் வேண்டும் என்று தெளிகிறார். வேள்வியாசிரியர், மகாவீரர், புத்தர் மூவரும் நான்காவதான ஈசன் ஒருவனை வேண்டாமலே வினையை விளக்கினர் என்பதை நினைத்தால், கங்கைக்கரை வழக்குக்குச் சைவம் தந்த மறுமொழி முழுவதும் இந்த ஒரு பாட்டில் அடங்கியிருப்பது விளங்கும். தெளிந்தபின்னும் நாயனார் காவியைக் களையவில்லை. எக்கோலத்தில் இருந்தாலும் மறவாமையே பொருள் என்று அக்கோலத்திலேயே நிற்கிறார். மலர் எடுத்து வழிபட வழியில்லை. சிவலிங்கத்தின்மேல் நாள்தோறும் ஒரு கல் எறிகிறார். அதைப் பூவாக ஏற்றான் இறைவன் என்று சேக்கிழார் பாடுகிறார். பௌத்தத் துவராடையுடன் ஒருவர் அறுபத்துமூவருள் நிற்கிறார். போதிமங்கையில் எதிரி, காஞ்சியில் அடியார். சுந்தரரின் திருத்தொண்டத் தொகையே அவரைச் சேர்த்துவிட்டது உண்மைதான். ஆனால் அந்த மனத்துக்குள் புகுந்து அதன் தருக்கத்தை எழுதியவர் சேக்கிழார்.

கொடுக்கல் வாங்கல் கொள்கையோடு நிற்கவில்லை. பெரியபுராணத்தின் வாயிலில் திருவாரூர்த் தெருவில் தேர்க்காலில் மாண்ட கன்றுக்காகத் தன் மகனைப் பலியிட்ட மனுநீதிச் சோழன் நிற்கிறான். சிலப்பதிகாரம் அறிந்த இக்கதையை இலங்கைப் பௌத்தரின் மகாவம்சம் சோழன் எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்கிறது. பிற சமயத்தவன் என்று அறிந்தே அவன் நீதியைப் போற்றுகிறது. புலால் உண்ணாமையை வலியுறுத்தி உரைத்தவர் சமணர்; இன்று புலால் இல்லாத உணவுக்குத் தமிழர் வைத்த பெயர் சைவம். கண்ணப்பர் படைத்ததோ பன்றியிறைச்சி! இதை நினைத்துச் சிரிக்க உரிமை உள்ளவர் சேக்கிழார் ஒருவரே.

யாப்பையும் பாருங்கள். அகவலில் நடந்த தமிழ்க் காப்பியத்தை விருத்தத்தில் நடக்கவைத்துப் பெருவழி திறந்தவர் திருத்தக்க தேவர். நாட்டுச் சிறப்பும் நகரச் சிறப்பும் பாடிக் கதைக்குள் புகும் காப்பிய நடையை விரித்துக் காட்டியவரும் அவரே. சிந்தாமணிக்கு மாற்றாக எழுந்த நூல் சிந்தாமணி போட்ட வழியில்தான் நடந்தது. உமி என்று இகழப்பட்டதாகச் சொல்லப்படும் அந்நூலுக்குப் பின்னாளில் உரை வரைந்த நச்சினார்க்கினியர் சமணர் அல்லர், அந்தணர். 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் தூண்ட, திருவாவடுதுறைச் சைவ மடத்தில் பயின்ற உ.வே. சாமிநாதையர் அதைப் பதிப்பிக்கப் புகுந்தார். சமயச் சொற்கள் விளங்காமல் கும்பகோணத்துச் சைனர் இல்லங்களைத் தேடிச் சென்றார். ஒரு வீட்டில் தோரணம் கட்டி விழாக்கோலமாக இருந்தது. என்ன விசேடம் என்று கேட்டார். அங்கே தொடர்ந்து நடந்துவந்த சிந்தாமணிப் படனம் அன்று நிறைவெய்தியிருந்தது. 1887இல் நூல் அச்சில் வந்தது.